ஓர் ஒற்று மாறினாலும் தெரிய வேண்டும், வரி மட்டும் நகரக் கூடாது

மென்பொருள் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் வரும் திருத்தங்களில் பல, கண்ணில் படாத அளவுக்குச் சின்னவை. "கோப்பை சேமி" என்றிருந்தது "கோப்பைச் சேமி" ஆகும். "அனைத்து" என்பதில் ஒரு னகரம் ணகரமாகியிருக்கும். கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் கிட் கருவி காட்டும் வேறுபாட்டில் பழைய வரி முழுவதும் சிவப்பு, புதிய வரி முழுவதும் பச்சை. எந்த எழுத்து மாறியது என்று நாமே இரண்டு வரிகளையும் மேலும் கீழும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். சொல் வாரியாகக் காட்டச் சொன்னால் சொல் முழுவதும் நிறம் மாறும். தமிழில் ஒரு சொல்லே பன்னிரண்டு எழுத்துக்குப் போகும் என்பதால் அதுவும் பெரிய உதவியில்லை.

அதனால் விஎஸ் கோட் எடிட்டருக்கு ஒரு சின்ன நீட்சி, அதாவது துணை நிரல், எழுதினேன். சாவியும் அதற்கான மதிப்புமாக உரையை வைத்திருக்கும் தமிழ் ஜேசன் கோப்பைத் திறந்தால், கடைசியாகக் கமிட் செய்த (கிட்டில் பதிந்த) வடிவத்தோடு ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை அதே எடிட்டரிலேயே நிறமிட்டுக் காட்டும். எடிட்டரோடு வருகிற இரட்டைப் பலக வேறுபாட்டுக் காட்சி நல்லதுதான். ஆனால் மடிக்கணினித் திரையைப் பாதியாகப் பிளந்தால் நீளமான தமிழ் வரிகள் மடிந்து மடிந்து விழுகின்றன. எனக்கு வேண்டியது, திருத்திக்கொண்டே இருக்கும்போது ஓரக்கண்ணில் தெரியும் ஓர் அடையாளம்.

நிபந்தனை ஒன்று உண்டு. எங்கள் கோப்புகளில் இடப்பக்கம் ஆங்கிலச் சாவிகள், அவற்றுக்குப் பின் இடைவெளி விட்டு, மதிப்புகள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் தொடங்கும்படி அடுக்கியிருக்கும். சரிபார்க்கும் அக்கா அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகப் படிப்பவர். நிறமிடுகிறேன் என்று அதை ஒரு பிக்சல் கலைத்தாலும், "தம்பி, உன் நிறமும் வேண்டாம், நீட்சியும் வேண்டாம்" என்று அணைத்துவிடுவார்.

வண்ணம் பூசப்படும் இடம்

விஎஸ் கோட்டில் நீட்சிகள் நிறமிடுவதற்கு "டெகரேஷன்" என்றொரு வசதி இருக்கிறது. முதலில் டெகரேஷன் வகையை உருவாக்க வேண்டும், அப்புறம் எந்தெந்த இடங்களுக்கு அது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா அமைப்புகளும் ஒரே பொருளின் பண்புகள்: பின்னணி நிறம், எல்லைக்கோடு, எழுத்தின் தடிமன், எழுத்திடைவெளி, அடிக்கோடு. உள்ளே அவை இரண்டு வெவ்வேறு அடுக்குகளுக்குப் போகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பின்னணி நிறம், எல்லைக்கோடு, அவுட்லைன் (வெளிக்கோடு) மூன்றும் எழுத்துகளுக்குப் பின்னால் தனியாக ஓர் அடுக்கில் வரையப்படும் பெட்டிகள். அந்தப் பெட்டி எழுத்துகளை அளந்து அவற்றுக்குப் பின்னே வைக்கப்படுகிறது. எழுத்துகளுக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. எல்லைக்கோட்டின் தடிமன்கூடப் பெட்டியின் உட்பக்கமாகவே கணக்காகும். எழுத்தின் நிறம், தடிமன், சாய்வு, எழுத்திடைவெளி, அடிக்கோடு ஆகியவை வேறு. இவற்றுக்காக வரியின் உரையே துண்டாக்கப்பட்டு, மாறிய பகுதி ஸ்பான் என்ற தனி உறைக்குள் போகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது ஒன்று, சுவரை இடித்து நடுவில் புதிதாகச் செங்கல் வைப்பது இன்னொன்று.

பின்னணி நிறத்தோடு நிறுத்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒற்றை ஒற்றெழுத்துக்குப் பின்னால் வரும் பெட்டி மிகவும் ஒல்லியாக இருந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் காற்று விட்டால் நன்றாகத் தெரியுமே என்று பேடிங் சேர்த்துப் பார்த்தேன். அதற்கு அதிகாரபூர்வமான பண்பு எதுவும் கிடையாது. நீட்சி எழுதுபவர்கள் பலரும் செய்யும் ஒரு தந்திரம் உண்டு: அடிக்கோட்டுப் பண்பின் மதிப்பில் "none" (எதுவுமில்லை) என்று எழுதி, அரைப்புள்ளி போட்டு, அதன்பின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் வரி எது வேண்டுமோ அதை ஒட்டிவிடுவது. எடிட்டர் அந்தச் சரத்தை அப்படியே நடைதாளில் கொட்டிவிடும்.

பேடிங் வந்தது. கூடவே இரண்டு தொல்லைகளும் வந்தன. ஒன்று எதிர்பார்த்ததுதான்: பக்கத்துக்கு 2 பிக்சல் என்றால் ஓர் அடையாளத்துக்கு 4 பிக்சல், மூன்று அடையாளம் உள்ள வரியில் 12 பிக்சல் வலப்பக்கம் தள்ளும். இன்னொன்று வேடிக்கையானது. இன்னும் மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே கிடக்கும் வரிகளில் கர்சர் ஓரிடத்தில் மினுக்குகிறது, தட்டும் எழுத்து வேறிடத்தில் விழுகிறது. தமிழ் இருக்கும் வரிகளிலோ கர்சர் சரியாக நிற்கிறது.

காரணம் எடிட்டரின் வேகக் கணக்கில் இருக்கிறது. வரி முழுக்க அடிப்படை ஆஸ்கி எழுத்துகளாகவும் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) எழுத்துரு சம அகலமாகவும் இருந்தால், கர்சரின் இடத்தைத் திரையில் அளந்து பார்க்காமல், ஓர் எழுத்தின் அகலத்தை நெடுவரிசை எண்ணால் பெருக்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு இது பெரிய மிச்சம். வரியில் ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் அந்தக் குறுக்குவழியை விட்டுவிட்டு உலாவியிடமே அளவு கேட்கும். நான் திருட்டுத்தனமாகச் செருகிய பேடிங் எடிட்டருக்குத் தெரியாது, ஆகவே ஆங்கில வரியில் பெருக்கல் பொய்த்தது. எழுத்திடைவெளிப் பண்பை முறைப்படி கொடுத்தால் இந்தக் கர்சர்க் கோளாறு வராது. அந்தப் பண்பு அகலத்தை மாற்றும் என்று எடிட்டருக்குத் தெரியும் என்பதால் அந்த வரியில் குறுக்குவழியைத் தானே கைவிடும். ஆனாலும் நெடுவரிசை நகரத்தான் செய்யும்.

தடித்த எழுத்தையும் சோதித்தேன். நிரலாளர்கள் புழங்கும் சம அகல எழுத்துருக்களில் தடித்த வடிவமும் பொதுவாக அதே அகலம்தான், ஆகவே ஆங்கில வரிகள் அசையவில்லை. தமிழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கன்சோலாஸ், மென்லோ போன்றவற்றில் தமிழே கிடையாது. விண்டோஸ் நிர்மலா யூஐ எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், லினக்ஸில் பெரும்பாலும் நோட்டோவோ லோஹித்தோ வரும். இவை சம அகலமும் அல்ல, தடித்தால் அகலம் மாறாது என்ற உறுதியும் இவற்றுக்கு இல்லை. ஃபிரா கோட் போன்ற கூட்டெழுத்து எழுத்துரு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: சமக்குறியும் (=) பெரிதுக்குறியும் (>) சேர்ந்து ஒரே அம்பாகத் தெரியும் இடத்தில் பாதியை மட்டும் தனி ஸ்பானில் போட்டால் அம்பு உடைந்துவிடலாம்.

முடிவு: உரையைத் துண்டாக்கும் எந்தப் பண்பும் வேண்டாம். பின்னணி நிறம், எல்லைக்கோடு, அவ்வளவுதான். ஒல்லியான பெட்டிக்கு 1 பிக்சல் அவுட்லைன் கொடுத்தேன். அது பெட்டிக்கு வெளியே வரையப்பட்டாலும் இடம் எடுத்துக்கொள்வதில்லை.

எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது

நிறமிடுவது தீர்ந்தபின்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. எடிட்டர் இடங்களை யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளில் எண்ணும். தமிழில் "கெ" இரண்டு அலகு: முதலில் ககரம், அடுத்து எகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால், ககரம் பின்னால். "கெடு" என்பது "கேடு" ஆனால் மாறியது இரண்டாவது அலகு மட்டும். அதற்கு மட்டும் நிறமிடு என்றால் எங்கே பெட்டி போடுவது? "கொ" வந்தால் இன்னும் மோசம், ஒரே குறி எழுத்தின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. நிரலுக்கு எது வசதியோ அது இங்கே உதவாது. படிப்பவர் கண்ணுக்கு எது ஓர் எழுத்தோ அதுதான் ஒப்பீட்டுக்கும் அலகு.

ஜாவாஸ்கிரிப்டில் உரையை இப்படி எழுத்தெழுத்தாக வெட்டுவதற்கென்றே இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. குரோமில் 2020 முதலே உண்டு, ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024-இல்தான் வந்தது. விஎஸ் கோட் குரோமியத்தின் மேல் ஓடுவதால் கவலையில்லை. "கோப்பைச்" என்று கொடுத்தால் கோ, ப், பை, ச் என்று அழகாக நான்காகப் பிரித்துக் கொடுக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் நம் கண்ணோடு அது ஒத்துப்போகாது. "க்ஷ" என்பதை க், ஷ என்று இரண்டாகவும், "ஸ்ரீ" என்பதை ஸ், ரீ என்று இரண்டாகவும் வெட்டும். யூனிகோட் 15.1-இல் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்கும் விதி தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்ற சிலவற்றுக்கு வந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அது நியாயம்தான், தமிழில் புள்ளி வைத்த மெய் தனியாகவே நிற்கும், "க்க" என்பதை ஒட்டினால் நமக்குத்தான் தொல்லை. ஆகவே க்ஷ, ஸ்ரீ, கிரந்த ஶகரத்தோடு வரும் ஶ்ரீ ஆகிய மூன்றையும் கையால் ஒட்டினேன். "ரிக்‌ஷா" என்று நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டாக்குறி போட்டு எழுதியிருந்தால் ஒட்டக் கூடாது. எழுதியவர் வேண்டுமென்றேதான் பிரித்திருக்கிறார்.

அடுத்து, பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள். "கொ" என்பதைக் ககரம், ஒகரக் குறி என்று இரண்டு அலகாகவும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று அலகாகவும் எழுதலாம். யூனிகோட் பார்வையில் இரண்டும் சமம், என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் கோப்பு முழுவதையும் இயல்பாக்கிவிட்டு ஒப்பிடலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் மூன்று இரண்டாகி, அதற்குப் பின்னால் வரும் எல்லா இடக்கணக்கும் ஒன்று குறைந்து, நிறம் அடுத்த எழுத்தில் போய் நிற்கும். வழி இது: வெட்டுவது மூல உரையில். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் தொடக்க இடம், நீளம், இயல்பாக்கிய வடிவம் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிடுவது இயல்பாக்கிய வடிவத்தை, நிறமிடுவது மூல இடத்தில்.

"கௌ" வேறு கதை. "கெளரவம்" என்று கொம்பும் ளகரமுமாகத் தட்டப்பட்ட சொல்லும் "கௌரவம்" என்று ஔகாரக் குறியோடு தட்டப்பட்ட சொல்லும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக ஒன்று. இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது, ஆக்கவும் கூடாது, ஏனென்றால் ளகரம் ஒரு தனி எழுத்து. இங்கே ஒப்பீடு வேறுபாடு என்று காட்டும், படிப்பவருக்கோ எதுவும் மாறியதாகத் தெரியாது. அதனால் இந்த வகைக்கு மட்டும் சுட்டியை மேலே வைத்தால் "முன்பு எகரக் கொம்பும் ளகரமும், இப்போது ஔகாரக் குறி" என்று ஒரு குறிப்பு வரும்படி வைத்தேன். அக்காவுக்கு மிகவும் பிடித்தது இதுதான். தேடலில் அகப்படாமல் போன பல சொற்களுக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது என்றார்.

எஸ்கேப் எழுத்துகளையும் சொல்லிவிட வேண்டும். பைதானின் ஜேசன் தொகுதி, தனியாகச் சொல்லாவிட்டால், தமிழ் அலகு ஒவ்வொன்றையும் பின்சாய்கோடு போட்ட ஆறு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றித்தான் எழுதும். அப்படி எழுதப்பட்ட பழைய கோப்பையும் நேரடித் தமிழில் இருக்கும் புதிய கோப்பையும் ஒப்பிட்டால் எல்லாமே மாறியதாகத் தெரியும். ஆகவே வெட்டும்போதே அந்த ஆறையும் ஓர் அலகாகப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படி உள்ளே மட்டும் மாறியவற்றுக்கு நிறமில்லை, பெட்டியின் அடிப்பக்கம் மட்டும் 1 பிக்சல் புள்ளிக்கோடு. அடிக்கோட்டுப் பண்பைப் பயன்படுத்தாமல் எல்லைக்கோட்டின் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலாவியின் அடிக்கோடு, கீழே இறங்கும் எழுத்துகளைத் தொடாமல் இடைவெளி விட்டுப் போகும். தமிழில் கு, மூ, ழு என்று கீழே இறங்குபவை ஏராளம். கோடு துண்டு துண்டாகக் கிழிந்துபோய்விடும்.

இணைப்பதும் சேர்ப்பதும்

ஒப்பீட்டுக்கு ஜேஎஸ்டிஃப் நூலகத்தின் வரிசை ஒப்பீட்டைப் பயன்படுத்தினேன். யூஜின் மயர்ஸ் 1986-இல் வெளியிட்ட அதே முறைதான் உள்ளே ஓடுகிறது, கிட்டின் இயல்பான ஒப்பீடும் அதுவே. எந்த வரியை எந்த வரியோடு ஒப்பிடுவது என்று மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. ஜேசனில் சாவி இருக்கிறதே, சாவிக்குச் சாவி இணைத்தால் போதும். வரிசை மாறினாலும் பாதிப்பில்லை.

எழுத்து அளவில் ஒப்பிட்டால் சில சொற்கள் புள்ளிமான் போல ஆகிவிடும். "அனுமதி மறுக்கப்பட்டது" என்பது "அணுகல் மறுக்கப்பட்டது" ஆனால், தலையில் இருக்கும் அகரத்தை விட்டுவிட்டு ணு, க, ல் மட்டும் நிறமாகும். கணக்குப்படி சரி, படிப்பவருக்கு எரிச்சல். ஒரு சொல்லில் பாதிக்கு மேல் எழுத்துகள் மாறியிருந்தால் சொல் முழுவதுக்கும் நிறமிடு என்று ஒரு விதி வைத்தேன். ஆனால் ஒரு பக்கம் வெறும் சேர்ப்போ வெறும் நீக்கமோ மட்டும் நடந்திருந்தால் இந்த விதி வேலை செய்யாது. "கோப்புகளை" என்பது "கோப்புகளையும்" ஆனால் யும் மட்டும் தெரிந்தால் போதும், "சேமிக்கவும்" என்பது "சேமி" ஆனால் போனது க்கவும் மட்டுமே. ஒட்டு ஒட்டாகச் சேரும் மொழியில் இந்த விலக்கு இல்லாவிட்டால் முதல் விதி பல இடங்களில் தப்பாகவே பேசும்.

சரி, போன எழுத்தை எங்கே காட்டுவது? இப்போதைய கோப்பில் அதற்கு இடமே இல்லை. பழைய சொல்லை மங்கலாக நடுவில் காட்டுவது எளிது, டெகரேஷனில் முன்னும் பின்னும் உரை செருகும் வசதி இருக்கிறது. ஆனால் அது அப்பட்டமாக இடம் பிடிக்கும். அதற்குப் பதிலாக, நீக்கம் நடந்த இடத்துக்கு முந்தைய எழுத்தின் பெட்டிக்கு வலப்பக்கம் மட்டும் 2 பிக்சல் சிவப்பு எல்லைக்கோடு. மதிப்பின் தொடக்கத்திலேயே நீக்கம் என்றால் முதல் எழுத்தின் இடப்பக்கம். போன எழுத்துகள் என்னவென்று சுட்டியை வைத்தால் தெரியும். ஒரு சாவியே முழுதாகப் போயிருந்தால், விஎஸ் கோட் தன் வேறுபாட்டுக் காட்சியில் வெற்று வரி செருகும் வசதியை நீட்சிகளுக்குத் திறந்துவிடவில்லை. முந்தைய வரியின் அடியில் நீளக் கோடு ஒன்று போட்டுச் சமாளித்தேன். சுமார்தான், ஆனால் எதுவும் நகரவில்லை.

மீதி சில்லறை வேலைகள். நிறங்களை நானே தேர்ந்தெடுக்காமல், வேறுபாட்டுக் காட்சிக்கென்று ஒவ்வொரு தீமும் (எடிட்டரின் நிறத் தொகுப்பு) வைத்திருக்கும் சேர்ப்பு, நீக்க நிறங்களையே பெயர் சொல்லி எடுத்துக்கொண்டேன். அவை பொதுவாக ஒளி ஊடுருவுபவை, ஆகவே உரையைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் நிறம் மறைந்துபோகாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் குழப்பமில்லை, சேர்த்தது பெட்டியாகவும் நீக்கியது கோடாகவும் வருவதால் வடிவமே சொல்லிவிடும். அடையாளத்தின் விளிம்பில் தட்டினால் நிறம் நீண்டுகொண்டே போவதைத் தடுக்க, இட எல்லை இரு பக்கமும் மூடியது என்று குறிப்பிட வேண்டும். டெகரேஷன் வகைகளை நீட்சி தொடங்கும்போது ஒரே ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, தட்டுவது நின்று 200 மில்லிநொடிக்குப் பின் இடங்களை மட்டும் புதுப்பித்தால் எடிட்டர் திணறாது.

வரி உயரம் நீட்சியின் வேலை இல்லை, ஆனாலும் இதைப் பயன்படுத்துபவர்களிடம் மாற்றச் சொல்லிவிடுகிறேன். விஎஸ் கோட் வரி உயரத்தை எழுத்தளவைப் பொறுத்து நிலையாக வைத்துவிடுவதால், தமிழ் வந்தாலும் வரிகள் ஏறி இறங்காது, வரி எண்களோடு பொருந்தியே இருக்கும். ஆனால் மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகளுக்கு இயல்பான உயரம் நெருக்கடி, நிறப்பெட்டிகள் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். வரி உயர அமைப்பில் 8-க்குக் குறைந்த எண் கொடுத்தால் அது எழுத்தளவின் மடங்காகக் கொள்ளப்படும். 1.7 கொடுத்துப் பாருங்கள்.

தமிழ் மதிப்புக்கு வலப்பக்கம் குறிப்புகளை இடைவெளி விட்டு அடுக்கும் பழக்கம் மட்டும் எதைச் செய்தாலும் சரிவராது. தமிழ் எழுத்துகளின் அகலமே ஒன்றுக்கொன்று வேறு, அதற்குப் பின் வரும் நெடுவரிசை நிறமிடாவிட்டாலும் கோணலாகத்தான் நிற்கும். அந்தக் குறிப்புகளை மேல் வரிக்குத் தனிச் சாவியாக ஏற்றிவிட்டோம், தமிழ் எப்போதும் வரியின் கடைசியில் வரும்படி.